லினக்ஸில் அன்றாட வேலைகள்: எதற்கு எந்த டூல்?

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் என் மாமாவுக்கு ஒரு கமிஷன் கடை இருக்கிறது. மல்லி, முல்லை, பிச்சி, சம்பங்கி, கனகாம்பரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து விடிவதற்குள் பூ வந்து இறங்கிவிடும். யாருடைய பூ எத்தனை கிலோ, அன்றைக்கு என்ன விலை, கமிஷன் போக அவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு, வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்ற கணக்கெல்லாம் கடையில் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் ஏறும். ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜி.பி. ரேம். அதில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விரும்பியவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். ஆனால் அது தள்ளிப்போடுவதுதானே தவிர தீர்வு அல்ல. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகு வந்ததோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். மாமா கடைக் கம்ப்யூட்டர் இதில் தேறவில்லை.

"லினக்ஸ் போட்டுத் தர்றேன் மாமா, புதுசு வாங்க வேணாம்" என்றேன்.

"என்னத்தையோ போடு மாப்ள. வெள்ளிக்கிழமை பட்டுவாடா நிக்கக் கூடாது. எனக்குக் கணக்கு ஓடணும். அவ்வளவுதான்" என்றார்.

நான் என்ஜினீயரிங் முடித்து மதுரையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆபீசில் தினமும் தொடுவது லினக்ஸ்தான். ஆனாலும் வீட்டிலும் கடையிலும் லினக்ஸ் பயன்படுத்துகிறவருக்கு என்ன வேண்டும் என்பதை மாமாவின் அந்த ஒரு பேச்சில்தான் கற்றுக்கொண்டேன். ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவாக இருந்தாலும் சரி, நம் வேலை நிற்கக் கூடாது. எந்த வேலைக்கு எந்த புரோகிராமைத் திறப்பது என்று தெரிந்துவிட்டால் லினக்ஸைப் பார்த்துப் பயப்படத் தேவையே இல்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல

1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது லினக்ஸ். தமிழ்நாட்டுக்கும் அது பழைய சரக்குதான். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கிய லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

பிளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் வகுப்பில் அநேகமாக யாரும் அந்தப் பாஸ் லினக்ஸைத் திறந்து பார்க்கவில்லை. திறந்த ஓரிருவரும் "இதில் பாட்டு எப்படிக் கேட்பது?" என்று தெரியாமல் மூடிவிட்டோம். லினக்ஸ் கடினமாக இருந்தது காரணம் அல்ல. எந்த வேலைக்கு எதைத் திறப்பது என்று சொல்ல ஆள் இல்லை.

முதலில் ஒரு பட்டியல் போடுங்கள்

எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து, உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மாதத்தில் செய்யும் வேலைகளை எல்லாம் எழுதுங்கள். மாமா கடைக்கு நான் எழுதிய பட்டியல் இது: பூக் கணக்கு, தமிழில் டைப் செய்வது, பில் பிரின்ட் எடுப்பது, ஆதார் மற்றும் பாஸ்புக் ஸ்கேன் செய்வது, போனிலிருந்து போட்டோ இறக்குவது, வாட்ஸ்அப்பில் விலை அனுப்புவது, மதியம் பழைய பாட்டு கேட்பது, சாயங்காலம் மாமா மகள் படம் வரைவது. மொத்தம் எட்டே வேலைகள். ஒவ்வொன்றுக்கும் லினக்ஸில் இலவச புரோகிராம் இருக்கிறது.

பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸில் பல வகைகள் உண்டு. புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது லினக்ஸ் மிண்ட். விண்டோஸ் போலவே கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என்று இருப்பதால் கண்ணுக்குப் பழகியதாகத் தெரியும். மிண்ட் 22 வரிசை 2024 ஜூலையில் வெளிவந்தது. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. இதற்கு 64-பிட் பிராசசர் வேண்டும். குறைந்தபட்சம் 2 ஜி.பி. ரேம் போதும் என்றாலும் 4 ஜி.பி. இருந்தால்தான் நிம்மதி. மிண்டில் சின்னமன், மாட்டே, எக்ஸ்எப்சிஇ என்று மூன்று பதிப்புகள் உள்ளன. பழைய கம்ப்யூட்டர் என்றால் எக்ஸ்எப்சிஇ எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் இலகுவானது.

மிண்ட் இணையதளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. பைலை டவுன்லோட் செய்து, விண்டோஸில் ரூபஸ் என்ற புரோகிராம் மூலம் 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் ஏற்கனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதாகப் பார்த்து எடுங்கள். பிறகு அந்தப் பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்தால், ஹார்ட் டிஸ்கைத் தொடாமலேயே மிண்ட் ஓடும். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் தெரிகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பென் டிரைவில் ஓடுவதால் சற்று மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து எடை போட்டுவிடாதீர்கள்.

எல்லாம் திருப்தி என்றால் பிறகு இன்ஸ்டால் செய்யலாம். அப்போது "எரேஸ் டிஸ்க்" என்று ஒரு தேர்வு வரும். அதைக் கொடுத்தால் விண்டோஸோடு உங்கள் போட்டோ, பைல் எல்லாமே போய்விடும். எனவே முன்கூட்டியே அத்தனையையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், இதுதான் சமயமென்று எஸ்.எஸ்.டி.யாக மாற்றிவிடுவது நல்லது. பழைய கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

புரோகிராம்கள் எங்கே கிடைக்கும்?

விண்டோஸில் ஒரு புரோகிராம் வேண்டுமென்றால் கூகுளில் தேடி, ஏதோ ஒரு தளத்தில் டவுன்லோட் செய்வோம். அதோடு சேர்ந்து வேண்டாத சரக்கும் வந்துவிடும். லினக்ஸில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மிண்டின் மெனுவில் சாப்ட்வேர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. போனில் உள்ள பிளே ஸ்டோர் மாதிரிதான். தேடி, இன்ஸ்டால் பட்டனைக் கிளிக் செய்து, பாஸ்வேர்ட் கொடுத்தால் போதும். கீழே நான் சொல்லும் புரோகிராம்கள் எல்லாம் இங்கேயே கிடைக்கும். சில ஏற்கனவே மிண்டோடு சேர்ந்தே வரும்.

அப்டேட் மேனேஜர் என்பது டாஸ்க்பாரில் ஒரு கேடயப் படமாக இருக்கும். அதில் அறிவிப்பு வந்தால் வாரம் ஒரு முறையாவது கிளிக் செய்து புதுப்பித்துவிடுங்கள். லினக்ஸில் வைரஸ் தொல்லை குறைவு என்பது உண்மைதான். அதற்காக அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

கணக்கு, கடிதம்: லிப்ரே ஆபீஸ்

ஓப்பன் ஆபீஸ் என்ற பழைய தொகுப்பிலிருந்து 2010இல் பிரிந்து வந்தது லிப்ரே ஆபீஸ். மிண்டோடு சேர்ந்தே வரும். வேர்டுக்குப் பதில் ரைட்டர், எக்செலுக்குப் பதில் கால்க், பவர்பாயின்டுக்குப் பதில் இம்ப்ரெஸ். எக்செலில் போட்ட மாமாவின் பூக் கணக்கு பைல்கள் கால்கில் அப்படியே திறந்தன. கூட்டல் பார்முலாக்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன.

மூன்று குறிப்புகள். முதலாவது, மெனு பழகவில்லை என்றால் வியூ > யூசர் இன்டர்பேஸ் சென்று டேப்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய எம்.எஸ். ஆபீஸ் போலவே பட்டன்கள் மேலே வரிசையாக வந்துவிடும். இரண்டாவது, மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டிய பைலை சேவ் அஸ் கொடுத்து எக்செல் அல்லது வேர்டு பார்மெட்டில் சேமியுங்கள். அவர்கள் திருத்தத் தேவையில்லை என்றால் டூல்பாரில் உள்ள பி.டி.எஃப். பட்டனை ஒரு தடவை கிளிக் செய்தால் போதும். மூன்றாவது, டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > லோட்/சேவ் > ஜெனரல் பக்கத்தில் பேக்கப் காப்பி எடுக்கும் தேர்வை டிக் செய்துவிடுங்கள். தவறாக மாற்றி சேவ் செய்துவிட்டாலும் அதற்கு முந்தைய வடிவம் தனியாக இருக்கும்.

சில வேர்டு பைல்களைத் திறக்கும்போது வரிகள் இடம் மாறித் தெரியலாம். பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். காலிப்ரி இல்லாத இடத்தில் அதே அகலமுள்ள கார்லிட்டோ, கேம்பிரியாவுக்குக் கலடியா என்ற எழுத்துருக்களைப் போட்டால் பக்கம் சீராகிவிடும்.

தமிழில் டைப் செய்ய

சாப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் ஆகிய இரண்டையும் இன்ஸ்டால் செய்யுங்கள். பின் இன்புட் மெத்தட் செட்டிங்கில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். ஐபஸ் பிரிபரன்ஸஸில் ஆட் பட்டனைக் கிளிக் செய்து தமிழ் என்பதற்குள் சென்றால் தமிழ்99, டைப்ரைட்டர், போனடிக் எனப் பல விசைப்பலகைகள் இருக்கும். வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் படம் போட்ட கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

புதிதாகப் பழகுகிறவர்கள் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் தமிழக அரசு அங்கீகரித்த விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்யெழுத்துகள் வலது கையில் என்று பிரித்திருப்பதால் விரைவில் பழகிவிடும். கடைக் கணக்குப்பிள்ளை டைப்ரைட்டிங் படித்தவர். அவருக்கு டைப்ரைட்டர் விசைப்பலகையையே போட்டுக் கொடுத்தேன். "கை தன்னால போகுது தம்பி" என்றார்.

ஒரு சிக்கலை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த பைல்கள் லினக்ஸில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பைல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த எழுத்துரு பைலை ஹோம் போல்டருக்குள் பான்ட்ஸ் போல்டரில் போட்டால் படிக்க முடியும். ஆனாலும் எழுத்துரு மாற்றி மூலம் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைப்பதே நல்லது. தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

பிரின்டர், ஸ்கேனர், பி.டி.எஃப்.

சமீப ஆண்டுகளில் வந்த வைஃபை பிரின்டர்கள் பலவற்றுக்கு டிரைவரே தேவையில்லை. ஒரே வைஃபையில் இருந்தால் மிண்ட் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். எச்.பி. பிரின்டர்களுக்கு எச்.பி.லிப் என்ற தொகுப்பு இருக்கிறது. சில பழைய லேசர் பிரின்டர்கள்தான் தகராறு செய்யும். அதனால்தான் முதலில் பென் டிரைவில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். புதிதாக பிரின்டர் வாங்குவதாக இருந்தால் லினக்ஸில் ஓடுமா என்று அந்த மாடல் பெயரோடு தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்கேன் செய்ய டாக்குமென்ட் ஸ்கேனர் என்ற எளிய புரோகிராம் மெனுவிலேயே இருக்கும். பல பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கேன் செய்து ஒரே பி.டி.எஃப். பைலாகச் சேமிக்கலாம். பி.டி.எஃப். பைல்களை ஒன்று சேர்க்க, தேவையில்லாத பக்கத்தை நீக்க, தலைகீழாக இருப்பதைத் திருப்ப பி.டி.எஃப். அரேஞ்சர் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலைக்காக ஆதார் நகலை முகம் தெரியாத இணையதளத்தில் அப்லோட் செய்கிறார்கள் பலர். அது ஆபத்து. இந்தப் புரோகிராமில் பைல் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது.

அச்சடித்த தமிழ்ப் பக்கத்தை டைப் செய்யாமலே எழுத்தாக மாற்ற வேண்டுமா? டெசராக்ட் என்ற எழுத்துணரி இருக்கிறது. எச்.பி. ஆய்வகத்தில் உருவாகி 2005இல் இலவசமாக வெளியிடப்பட்டது. அதன் தமிழ்ப் பொதியையும், ஜிஇமேஜ்ரீடர் என்ற புரோகிராமையும் சேர்த்து இன்ஸ்டால் செய்தால் மவுஸாலேயே வேலையை முடித்துவிடலாம். நூற்றுக்கு நூறு சரியாக வராது. தெளிவான அச்சாக இருந்தால் நிறைய நேரம் மிச்சமாகும்.

பாஸ்போர்ட் போட்டோ: ஜிம்ப்

போட்டோஷாப்புக்கு இணையாக லினக்ஸில் எல்லோரும் சொல்வது ஜிம்ப். ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு பெர்க்லி மாணவர்கள் 1995இல் தொடங்கியது. வீட்டில் நமக்கு அதிகம் தேவைப்படுவது ஆன்லைன் விண்ணப்பத்துக்குப் போட்டோ சரிசெய்வதுதான். பல விண்ணப்பங்களில் போட்டோ 20 முதல் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இப்படிச் செய்யுங்கள்.

கிராப் டூலில் பிக்ஸட் என்பதை டிக் செய்து விகிதத்தை 35:45 என்று கொடுத்து முகத்தைச் சுற்றி வெட்டுங்கள். பிறகு இமேஜ் > ஸ்கேல் இமேஜ் சென்று அகலம் 413, உயரம் 531 பிக்ஸல் கொடுங்கள். 300 டி.பி.ஐ.யில் இது 3.5 செ.மீ.க்கு 4.5 செ.மீ. ஆகும். கடைசியாக பைல் > எக்ஸ்போர்ட் அஸ் கொடுத்து ஜே.பி.ஜி. பெயரில் சேமிக்கும்போது குவாலிட்டி என்ற ஸ்லைடர் வரும். பிரிவியூ காட்டும் பெட்டியை டிக் செய்தால் பைல் எத்தனை கே.பி. என்று தெரியும். ஸ்லைடரை நகர்த்தி வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பாட்டு, படம், போன்

பாட்டும் படமும் பார்க்க வி.எல்.சி. இருந்தால் போதும். பாரிசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியது இது. எந்த பார்மெட்டைக் கொடுத்தாலும் அநேகமாக ஓட்டிவிடும். பாட்டை வெட்டி ரிங்டோன் செய்ய, குரல் பதிவு செய்ய ஆடாசிட்டி பயன்படும்.

இன்டர்நெட்டுக்குப் பயர்பாக்ஸ் மிண்டிலேயே வருகிறது. நெட் பேங்கிங், மின்கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாம் பிரவுசரில் நடப்பவை என்பதால் லினக்ஸிலும் அதே மாதிரிதான். வாட்ஸ்அப்புக்கு மெனுவில் வெப் ஆப்ஸ் என்ற டூலைத் திறந்து வாட்ஸ்அப் வெப் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். மெனுவில் தனி ஐகானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போனிலிருந்து போட்டோ இறக்க, யு.எஸ்.பி. கேபிளைச் செருகி போனில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கேபிள் இல்லாமல் வேண்டுமென்றால் கே.டி.இ. கனெக்டை கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்ட் போனிலும் போட்டு இரண்டையும் ஒரே வைஃபையில் வையுங்கள். பைல்களை இருபுறமும் அனுப்பலாம். வீட்டில் இரண்டு லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் இருந்தால் மிண்டோடு வரும் வார்பினேட்டர் அதே வேலையைச் செய்யும்.

குழந்தைகளுக்கு டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி இரண்டும் அவசியம் போடுங்கள். ஒன்று படம் வரைய, மற்றொன்று எண், எழுத்து, புதிர் என்று விளையாட்டாகப் படிக்க. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஸ்டெல்லேரியம் போட்டுக் காட்டுங்கள். நிலக்கோட்டை என்று இடத்தைக் குறித்தால் இன்று இரவு நம் மொட்டை மாடியில் எந்த நட்சத்திரம் எங்கே தெரியும் என்று திரையில் வந்துவிடும்.

எது நடக்காது?

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நாளை நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். டேலி போன்ற விண்டோஸ் கணக்குப் புரோகிராம்கள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஒயின் என்ற டூல் மூலம் சில விண்டோஸ் புரோகிராம்கள் ஓடும். ஆனால் வியாபாரக் கணக்கை அதை நம்பி வைக்காதீர்கள். யு.எஸ்.பி. டோக்கனில் டிஜிட்டல் கையெழுத்து வைத்திருப்பவர்கள், அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று ஆடிட்டரிடமும் டோக்கன் கொடுத்தவரிடமும் கேட்டுவிட்டு மாறுங்கள். போட்டோஷாப், கோரல்டிரா வைத்துத் தொழில் செய்யும் ஸ்டூடியோக்களும் பிளெக்ஸ் கடைகளும் அந்த ஒரு கம்ப்யூட்டரை விண்டோஸிலேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உங்கள் பட்டியலில் இப்படி ஒரு வேலை இருந்தால் விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கம்ப்யூட்டரில் அருகருகே வைக்கும் டூயல் பூட் முறை இருக்கிறது.

நான் செய்த தவறு

இனி சொல்லப்போவது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. மேலே உள்ளதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மாமா கடையில் மிண்ட் போட்ட அன்றே டைம்ஷிப்ட் என்ற டூலையும் செட் செய்து கொடுத்தேன். மிண்டோடு வருவது. தினமும் சிஸ்டத்தை ஒரு படம் பிடித்த மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளும். "ஏதாவது ஆச்சுன்னா நேத்தைக்கு இருந்த மாதிரி ஆக்கிடலாம் மாமா" என்று பெருமையாகச் சொன்னேன்.

தை மாத முகூர்த்தம் தொடங்கியது. பூ விலை ஏறி, கடையில் மூச்சுவிட நேரமில்லை. அந்த வாரம் கடைப் பையன் டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்வதாக நினைத்து, ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு போல்டர்களில் ஒன்றை ஷிப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்தி நீக்கிவிட்டான். அப்படி நீக்கினால் டிராஷுக்குக்கூடப் போகாது. அந்தப் போல்டரில்தான் அத்தனை விவசாயிகளின் வரவும், முன்பணப் பாக்கியும் இருந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை.

பஸ் பிடித்து ஓடிவந்து டைம்ஷிப்ட்டில் முந்தின நாளை ரெஸ்டோர் செய்தேன். கம்ப்யூட்டர் அழகாக எழுந்து நின்றது. கணக்கு வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. டைம்ஷிப்ட் காப்பாற்றுவது ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும்தான். உங்கள் பைல்கள் உள்ள ஹோம் போல்டரை அது வழக்கமாக எடுக்கவே எடுக்காது. நாமாகச் சொன்னால்தான் எடுக்கும். ஆபீசில் பைல்களை எல்லாம் வேறு யாரோ சர்வரில் காப்பாற்றிக் கொடுப்பதால் எனக்கு அது உறைக்கவே இல்லை.

போட்டோரெக் என்ற மீட்பு டூலைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினேன். அது பெயரில்லாமல், வெறும் எண்களாக நூற்றுக்கணக்கான பைல்களைக் கொட்டியது. அவற்றில் தேடி, ஐந்து வாரத்துக்கு முந்தைய கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தோம். அதற்குப் பிந்தையது கிடைக்கவில்லை. பைல் அழிந்தவுடன் கம்ப்யூட்டரை அணைத்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டு ரெஸ்டோர் செய்ததில் அழிந்த இடத்தின் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது கணக்குப்பிள்ளை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் எடை போடும்போது எழுதும் சிட்டைகளை அவர் நூலில் கோத்துச் சாக்கில் போட்டு வைத்திருந்தார். ஐந்து வாரச் சிட்டை. அவர் வாசிக்க வாசிக்க நான் டைப் செய்தேன். இரண்டு ராத்திரி ஆனது. பட்டுவாடா ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை காலையில் வந்து பணமில்லாமல் திரும்பிய ஒரு பாட்டியிடம் மாமா கைப்பணத்தைக் கொடுத்து அனுப்பினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பேக்கப் இப்படிச் செய்யுங்கள்

இப்போது கடையில் இருக்கும் ஏற்பாடு இது. டைம்ஷிப்ட் அப்படியே இருக்கிறது, சிஸ்டத்துக்காக. பைல்களுக்காக டெஜா டூப் என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்திருக்கிறேன். மெனுவில் பேக்கப்ஸ் என்ற பெயரில் இருக்கும். அதைத் திறந்து, எந்தப் போல்டரைக் காப்பாற்ற வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். தினமும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் தானாகவே எடுத்துவிடும். பாஸ்வேர்ட் போட்டும் பூட்டலாம். பழைய தேதியில் இருந்த பைலையும் திரும்ப எடுக்கலாம்.

பொதுவாக ஒரு விதி சொல்வார்கள்: மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். மாமா கணக்கு இப்போது கடைக் கம்ப்யூட்டரில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வாரம் ஒரு முறை பென் டிரைவில் வீட்டு அலமாரியில் ஒன்று. கடையில் தண்ணீர் புகுந்தாலும் வீட்டுக் காப்பி இருக்கும்.

அதோடு மாதம் ஒரு முறை ஒரு சோதனை. பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு பைலை வேறு போல்டரில் ரெஸ்டோர் செய்து திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான். மிண்டில் உள்ள டிஸ்க்ஸ் என்ற டூலில் ஸ்மார்ட் டேட்டா பார்த்தால் ஹார்ட் டிஸ்கின் உடல்நிலையும் தெரியும். அங்கே எச்சரிக்கை காட்டினால் அன்றைக்கே டிஸ்கை மாற்றிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை இன்னும் சிட்டைகளை நூலில் கோத்துக்கொண்டுதான் இருக்கிறார். "கம்ப்யூட்டர்தான் இருக்கே, இனி எதுக்கு?" என்று நான் கேட்பதில்லை.

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களும், பழையதைத் தூக்கிப் போடலாமா என்று யோசிப்பவர்களும் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பென் டிரைவில் மிண்டை எழுதி ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் உள்ள வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து டிக் அடியுங்கள். ஆனால் அந்தப் பட்டியலின் முதல் வரியாக, வேறு எதற்கும் முன்னால், பேக்கப் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் அதை எழுதாமல் விட்டவன்.